நீக்கியாகிவிட்டதா?
வி.பி.என். பயனர் அமைவுகளை நீக்கும் கருவிக்குத் தமிழில் ஒரு கையேடு

முன்னுரை

நம் கழகங்களில் செயலவை ஆண்டுதோறும் மாறுகிறது. தலைவர் பட்டம் பெற்றுச் செல்கிறார். செயலாளர் தொழிற்பயிற்சிக்குப் போகிறார். புதிதாக வருபவர்களிடம் அறைச் சாவி, முத்திரை, கணக்குப் புத்தகம் ஆகியவை ஒப்படைக்கப்படுகின்றன. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளும் நாம், கண்ணுக்குத் தெரியாத ஒரு சாவியைத் திரும்பப் பெற மறந்துவிடுகிறோம். கழகத்தின் கணினிக்குள் வெளியிலிருந்து நுழையும் உரிமையே அந்தச் சாவி.

எங்கள் கழகத்தில் உள்ளங்கை அளவே உள்ள ராஸ்பெரி பை கணினி ஒன்று இருந்தது. பழைய ஆண்டு மலர்களின் மின்வருடல்கள், மேடை நாடகப் படங்கள், உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றை அதில் சேமித்து வைத்திருந்தோம். விடுமுறையில் ஊருக்குச் சென்றவர்களும் அதை அணுகுவதற்காக வி.பி.என். அமைக்கப்பட்டிருந்தது. பொறுப்பு என்னிடம் இருந்த ஆண்டில், அடுத்து வருபவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஒரு பக்கக் கையேடு எழுதி வைத்தேன். அதில் ஒரு வரி: "பட்டம் பெற்றுச் செல்பவரின் அமைவுக் கோப்பை அழித்துவிடவும்."

அடுத்து வந்த செயலாளர் எழுதியிருந்தபடியே செய்தார். பல மாதங்கள் கழித்து, முன்னாள் உறுப்பினர் ஒருவர் தம் கைத்தொலைபேசியைப் பேருந்தில் தவறவிட்டுவிட்டார். செயலாளர் என்னை அழைத்து, "அண்ணா, அக்காவோட கோப்பை அப்பவே அழிச்சிட்டேன். பயமில்லைதானே?" என்று கேட்டார். நானும் பயமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று வழங்கிக் கணினியைத் திறந்து பார்த்தபோது, தொலைந்த தொலைபேசியில் இருந்த சான்றிதழ் அன்றுவரை செல்லுபடியாகும் நிலையிலேயே இருந்தது தெரிந்தது. உறுப்பினர்களின் வீட்டு முகவரிகளும் தொலைபேசி எண்களும் அந்தக் கணினியில் இருந்தன. நல்லவேளையாக, அந்நியர் எவரும் நுழைந்ததற்கான தடயம் பதிவேட்டில் இல்லை.

செயலாளர் தவறு செய்யவில்லை. நான் எழுதிய ஒரு வினைச்சொல்தான் தவறு. அந்தத் தவற்றிலிருந்து கற்றதைக் கொண்டு, நீக்கும் கருவி ஒன்றுக்குக் கையேடு எழுதுவது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம். கணினித் துறையைச் சாராத மாணவர்களும் பின்தொடரும் வகையில் எழுத முயன்றிருக்கிறேன்.

வி.பி.என். பயனர் அமைவு என்றால் என்ன?

வி.பி.என். என்பதை மெய்நிகர் தனியார் வலையமைப்பு என்று தமிழில் கூறுவர். பொது இணையத்தின் ஊடே மறைகுறியாக்கப்பட்ட பாதை ஒன்றை அமைத்து, தொலைவில் இருக்கும் சாதனத்தை உள்வலையமைப்பிலேயே இருப்பது போல ஆக்குவது இதன் பணி. பல்கலைக்கழக நூலகத்தின் மின்னிதழ்களை வீட்டிலிருந்து படிப்பதற்கு உங்களில் பலர் இதைப் பயன்படுத்தியிருக்கக்கூடும்.

இதற்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனையில் வழங்கி. மறுமுனையில் பயனரின் மடிக்கணினி அல்லது கைத்தொலைபேசி. பயனரின் சாதனத்தில் வைக்கப்படும் சிறிய உரைக்கோப்பே பயனர் அமைவு எனப்படுகிறது. வழங்கியின் முகவரி அதில் இருக்கும். அதைவிட முக்கியமாக, அந்தப் பயனருக்கே உரிய மறைசாவியும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஆகவே அக்கோப்பை வைத்திருப்பவரே, கூடுதலாகக் கடவுச்சொல் எதுவும் கேட்கப்படாத வரையில், உள்ளே நுழையும் உரிமை பெற்றவர். கோப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் நகலெடுக்கலாம் என்பதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

வாசலில் இருவகைக் காவலர்கள்

கழகத்தின் கலை இரவு நடக்கும் மண்டபத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாசலில் ஒரு காவலர் நிற்கிறார். அவரிடம் பெயர்ப்பட்டியல் இல்லை. வருபவர் நீட்டும் அனுமதிச் சீட்டில் கழகத்தின் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார். இருந்தால் உள்ளே விடுகிறார். கழக அறையில் இருக்கும் சீட்டின் அடிக்கட்டையை நாம் கிழித்துப் போட்டாலும், சீட்டு வைத்திருப்பவர் உள்ளே வந்துவிடுவார். அவரைத் தடுக்க வேண்டுமானால், "இந்த எண்ணுள்ள சீட்டுகள் செல்லாது" என்று ஒரு பட்டியலைக் காவலரிடம் கொடுத்தாக வேண்டும்.

2001ஆம் ஆண்டு ஜேம்ஸ் யோனன் வெளியிட்ட ஓப்பன்விபிஎன், சான்றிதழ் முறையில் இயங்கும்போது இத்தகைய காவலர்தான். சான்றளிப்பவரின் மின்கையொப்பம் பயனரின் சான்றிதழில் இருக்கிறதா என்பதையே அது சோதிக்கிறது. செல்லாத சான்றிதழ்களின் பட்டியலை இரத்துப் பட்டியல் என்று கூறலாம். அதைப் பார்க்கும்படி வழங்கியின் அமைவில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தால்தான் காவலர் அதைப் பார்ப்பார். எங்கள் செயலாளர் அழித்தது அடிக்கட்டையை மட்டுமே.

இரண்டாவது காவலர் வேறு வகை. அவர் கையில் விருந்தினர் பட்டியல் இருக்கிறது. பட்டியலில் இருப்பவரை மட்டும் உள்ளே விடுவார். பெயரை அடித்துவிட்டால் வேலை முடிந்தது. ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கி, 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 கருநிரலில் சேர்க்கப்பட்ட வயர்கார்டு இந்த வகையைச் சேர்ந்தது. அங்கே சான்றளிப்பவர் என்று எவரும் இல்லை. ஒவ்வொரு பயனரின் பொதுச்சாவியும் வழங்கியின் பட்டியலில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பதிவை நீக்கினால் உரிமையும் போய்விடும்.

ஆனால் இங்கும் ஒரு சூட்சுமம் உண்டு. வயர்கார்டில் பட்டியல் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, வட்டில் இருக்கும் அமைவுக் கோப்பு. மற்றொன்று, இயங்கிக்கொண்டிருக்கும் நிரலின் நினைவகம். கோப்பில் மட்டும் நீக்கிவிட்டு மறு ஏற்றம் செய்யாவிட்டால், பழைய பயனர் தொடர்ந்து நுழைவார். நினைவகத்தில் மட்டும் நீக்கினால், கணினியை மறுபடி இயக்கும்போது கோப்பிலிருந்து அவர் திரும்பி வந்துவிடுவார். நிறுத்தும்போது தானாகச் சேமிக்கும் வசதியை இயக்கி வைத்திருந்தாலோ, நாம் கோப்பில் செய்த திருத்தத்தின் மீது நினைவகத்தில் இருக்கும் பழைய பட்டியலே எழுதப்பட்டுவிடும்.

இந்த வேறுபாட்டை நாங்கள் பயன்படுத்திய பைவிபிஎன் என்னும் திறமூலக் கருவித் தொகுப்பிலேயே காணலாம். ராஸ்பெரி பை கணினிகளில் வி.பி.என். அமைப்பதை எளிமையாக்க எழுதப்பட்ட தொகுப்பு இது. மேற்கூறிய இரண்டு வகைகளையும் ஏற்கும். வயர்கார்டு பயனரை எடுக்கும் கட்டளைக்கு அதில் 'ரிமூவ்' என்று பெயர். ஓப்பன்விபிஎன் பயனரை எடுக்கும் கட்டளைக்கு 'ரிவோக்' என்று பெயர். ஆங்கிலத்தில் இரண்டு சொற்களாக இருந்ததை ஒரே தமிழ்ச் சொல்லால் நான் எழுதியதுதான் சிக்கலின் தொடக்கம்.

நான்கு வினைகள், நான்கு சொற்கள்

கணினித் தமிழுக்கு நம் வட்டாரம் செய்த பணி சிறிதன்று. 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 மாநாடு கூடியது. 2001ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. விசைப்பலகை எது, எழுத்துக் குறியீடு எது என்று வாதிட்ட அந்தத் தலைமுறையின் உழைப்பால், கணினியில் தமிழை எழுதுவது இன்று சிக்கலாக இல்லை. எழுதும் சொல் துல்லியமாக இருக்கிறதா என்பதே இனி நம் முன்னுள்ள கேள்வி.

நீக்கும் கருவி ஒன்று செய்யக்கூடிய வேலைகள் நான்கு. அவற்றுக்கு நான்கு தனிச்சொற்களை ஒதுக்கி, கையேடு முழுவதும் மாறாமல் பயன்படுத்துவது நல்லது.

அழித்தல்: வட்டில் உள்ள ஒரு கோப்பை இல்லாமல் செய்வது. இதனால் கோப்பு போகும். உரிமை போகும் என்று சொல்ல முடியாது.

நீக்குதல்: ஒரு பட்டியலிலிருந்து பதிவை எடுத்துவிடுவது. வயர்கார்டு பயனருக்கு இச்சொல் பொருந்தும்.

இரத்துச் செய்தல்: முன்பு கொடுத்த சான்றிதழ் இனிச் செல்லாது என்று அறிவிப்பது. ஓப்பன்விபிஎன் பயனருக்கு இதுவே சரியான சொல். ஒருமுறை இரத்தான சான்றிதழைத் திரும்பச் செல்லுபடியாக்குவது வழக்கமன்று. புதிய சான்றிதழ்தான் வழங்க வேண்டும்.

முடக்குதல்: தற்காலிகமாக நிறுத்தி வைப்பது. பைவிபிஎன் தொகுப்பில் வயர்கார்டு பயனரை இவ்வாறு முடக்கவும் பிறகு மீண்டும் இயக்கவும் தனிக் கட்டளைகள் உண்டு. ஒரு தவணை மட்டும் வெளிநாடு செல்லும் உறுப்பினருக்கு நீக்குதல் தேவையில்லை, முடக்குதல் போதும்.

'விலக்குதல்' என்ற சொல்லையும் சிலர் பரிந்துரைத்தனர். அதை நான் ஏற்கவில்லை. கழகத்திலிருந்து ஒருவரை விலக்குவது வேறு. பட்டம் பெற்றுச் சென்றவரின் கணினி உரிமையை முடித்துவைப்பது வேறு. மூன்றாண்டுகள் உழைத்துவிட்டுச் செல்பவரின் பெயருக்கு எதிரே அச்சொல்லை எழுதக் கை வரவில்லை.

1971ஆம் ஆண்டுக் கையேடு தரும் பாடம்

கட்டளைகளுக்குக் கையேடு எழுதும் மரபு பழையது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய யூனிக்ஸ் நிரலர் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பர் 3 என்னும் தேதியைத் தாங்கியது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரே வடிவில் தலைப்புகள் அமைந்திருந்தன: பெயர், பயன்படுத்தும் வடிவம், விளக்கம், தொடர்புடைய கோப்புகள், மேலும் காண்க, பிழைச் செய்திகள், குறைபாடுகள், பொறுப்பாளர். லினக்ஸ் கணினிகளில் இன்று நாம் திறக்கும் கையேட்டுப் பக்கங்களும் ஏறக்குறைய இதே வடிவத்தில்தான் உள்ளன.

இவற்றுள் இரண்டு தலைப்புகள் என்னைச் சிந்திக்க வைத்தன. ஒன்று, 'தொடர்புடைய கோப்புகள்'. கட்டளை எந்தெந்தக் கோப்புகளைத் தொடும் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடும் பகுதி இது. நீக்கும் கருவிக்கு இதைவிடத் தேவையான பகுதி வேறில்லை. மற்றொன்று, 'குறைபாடுகள்'. தாம் எழுதிய நிரல் எங்கே சறுக்கும் என்பதை எழுதியவர்களே ஒப்புக்கொள்ளும் பகுதி அது. நான் எழுதிய ஒரு பக்கக் கையேட்டில் இவ்விரண்டுமே இல்லை. செய்ய வேண்டியதை மட்டும் எழுதியிருந்தேன். செய்தால் என்ன ஆகும், என்ன ஆகாது என்பதை எழுதவில்லை.

எழுதத் தவறக்கூடாத ஏழு செய்திகள்

சேர்க்கும் கருவியில் பிழை செய்தால் திருத்திக்கொள்ளலாம். நீக்கும் கருவியில் பிழை செய்தால், ஒன்று வேண்டியவர் வெளியே நிற்பார். அல்லது வேண்டாதவர் உள்ளே இருப்பார். ஆகவே பின்வரும் ஏழு செய்திகள் கையேட்டில் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, சரியான பெயர். வயர்கார்டுக்குப் பயனரின் பெயர் தெரியாது. 44 எழுத்துகள் கொண்ட பொதுச்சாவிதான் தெரியும். பெயர் என்பது கருவி நம் வசதிக்காக எழுதிவைக்கும் குறிப்பு. ஒரே பெயருடைய இருவர் ஒரே கழகத்தில் இருப்பது நமக்குப் புதிதா என்ன? எனவே பெயரோடு சாதனத்தையும் சேர்ந்த ஆண்டையும் இணைத்துப் பெயரிடும்படி கையேடு சொல்ல வேண்டும்.

இரண்டாவது, உறுதிப்படுத்தும் கேள்வி. "உண்மையில் நீக்க வேண்டுமா?" என்று கருவி கேட்கும்போது, ஒன்றும் தட்டச்சு செய்யாமல் நுழைவு விசையை அழுத்தினால் அது 'ஆம்' ஆகுமா, 'இல்லை' ஆகுமா? கருவிக்குக் கருவி இது மாறும். எழுதுபவர் தாமே சோதித்துப் பார்த்து எழுத வேண்டும்.

மூன்றாவது, அந்த நேரத்தில் இணைப்பில் இருப்பவர். ஓப்பன்விபிஎன், புதிய இணைப்பு வரும்போதும் ஏற்கெனவே உள்ள இணைப்பு சாவிகளைப் புதுப்பிக்கும்போதும் இரத்துப் பட்டியலைப் பார்க்கிறது. வேறு மதிப்பு கொடுக்காவிட்டால் இந்தப் புதுப்பித்தல் 3600 வினாடிகளுக்கு ஒருமுறை, அதாவது மணிக்கு ஒருமுறை, நடக்கும். ஆகவே இரத்துச் செய்த பிறகும் ஒருவர் சிறிது நேரம் உள்ளே இருக்கக்கூடும். அவசரமென்றால் வழங்கியின் வி.பி.என். சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

நான்காவது, பகிரப்பட்ட அமைவு. சோம்பலினால் ஒரே அமைவை மூன்று பேருக்கு அனுப்பியிருந்தால், ஒருவரை எடுக்கும்போது மூவரும் வெளியேறுவர். ஒருவருக்கு, அதிலும் ஒரு சாதனத்துக்கு, ஓர் அமைவு என்பதே சரியான முறை.

ஐந்தாவது, காப்பு நகல். கடந்த ஆண்டு எடுத்த காப்பு நகலை இந்த ஆண்டு மீட்டால், இடையில் நீக்கியவர்கள் அனைவரும் உயிர்பெற்று வந்துவிடுவர். வயர்கார்டின் பட்டியலுக்கும் இது பொருந்தும். ஓப்பன்விபிஎன்னின் இரத்துப் பட்டியலுக்கும் பொருந்தும். நீக்கிய உடனே புதிய காப்பு நகல் எடுக்க வேண்டும். பழைய நகலை மீட்க நேர்ந்தால், பதிவேட்டைப் பார்த்து மறுபடியும் நீக்க வேண்டும்.

ஆறாவது, இரத்துப் பட்டியலின் ஆயுள். அப்பட்டியலுக்கும் காலாவதித் தேதி உண்டு. சான்றிதழ்களைக் கையாளும் ஈசி-ஆர்எஸ்ஏ கருவியின் மூன்றாம் பதிப்பில், நாம் மாற்றாவிட்டால் அது 180 நாள். தேதி கடந்துவிட்டால் ஓப்பன்விபிஎன் 2.4 முதலான பதிப்புகள் எவரையும் உள்ளே விடாது. ஒருவரைத் தடுக்கப் போய், ஆறு மாதம் கழித்து எல்லோரும் வாசலில் நிற்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

ஏழாவது, பயனரின் சாதனம். வழங்கியில் நீக்கினாலும் பயனரின் தொலைபேசியில் உள்ள கோப்பு அப்படியே இருக்கும். வயர்கார்டு செயலியில் இணைப்பு இயங்குவது போலக்கூடத் தோன்றும். ஏனெனில், அறியாத சாவியிலிருந்து வரும் செய்திக்கு வழங்கி மறுப்பும் சொல்வதில்லை, மறுமொழியும் தருவதில்லை. ஆகவே திரையின் நிறத்தை நம்பாமல், உள்ளே இருக்கும் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறக்க முடிகிறதா என்று சோதிக்க வேண்டும்.

மாதிரிக் கையேடு

மேற்கூறியவற்றை உள்ளடக்கி நான் திருத்தி எழுதிய கையேட்டின் சுருக்கத்தைக் கீழே தருகிறேன். கட்டளைகளை இங்கே ஒலிபெயர்ப்பில் கொடுத்துள்ளேன். உங்கள் கையேட்டில் அவற்றைத் திரையில் தட்டச்சு செய்ய வேண்டிய எழுத்துகளிலேயே அச்சிடுங்கள். திரையில் தோன்றும் செய்திகளையும் தோன்றுகிறபடியே அச்சிட்டு, பக்கத்தில் தமிழ் விளக்கம் தாருங்கள்.

பெயர்: பைவிபிஎன் ரிவோக். ஓப்பன்விபிஎன் பயனர் ஒருவரின் சான்றிதழை இரத்துச் செய்யும் கட்டளை.

எப்போது: உறுப்பினர் பட்டம் பெற்றுச் செல்லும்போது, சாதனம் தொலையும்போது, பொறுப்பு மாறும்போது. சாதனம் தொலைந்தால் அன்றே செய்ய வேண்டும்.

யார்: செயலாளர். அருகில் மற்றொரு செயலவை உறுப்பினர் இருந்து பெயரைச் சரிபார்க்க வேண்டும்.

தொடங்கும் முன்: பதிவேட்டில் உறுப்பினரின் அமைவுப் பெயரைப் பாருங்கள். அவருக்கு எத்தனை சாதனங்கள் என்று எண்ணுங்கள். அவருக்கு முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்புங்கள். தொலைந்த சாதனம் என்றால் செய்திக்காகக் காத்திருக்க வேண்டாம்.

செய்முறை:
1. 'பைவிபிஎன் லிஸ்ட்' என்னும் கட்டளையைக் கொடுங்கள். எல்லாச் சான்றிதழ்களும் அவற்றின் நிலையும் தோன்றும். நீங்கள் தேடும் பெயர் 'செல்லுபடியாகும்' என்று இருக்க வேண்டும்.
2. 'பைவிபிஎன் ரிவோக்' என்னும் கட்டளையைக் கொடுங்கள். பட்டியலிலிருந்து பெயரைத் தேர்ந்தெடுங்கள்.
3. உறுதிப்படுத்தும் கேள்வி வரும்போது நிறுத்துங்கள். பெயரை வாய்விட்டுப் படியுங்கள். அருகில் இருப்பவர் ஆமோதித்த பிறகு விடையளியுங்கள்.
4. மீண்டும் 'பைவிபிஎன் லிஸ்ட்' கொடுங்கள். அதே பெயர் இப்போது 'இரத்தானது' என்னும் நிலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேலை முடியவில்லை.
5. அவருடைய மற்றச் சாதனங்களுக்கும் இதையே செய்யுங்கள்.

இக்கட்டளை செய்வது: சான்றிதழை இரத்துச் செய்கிறது, இரத்துப் பட்டியலைப் புதுப்பிக்கிறது, வழங்கியில் உள்ள பயனர் அமைவுக் கோப்பை அழிக்கிறது.

இக்கட்டளை செய்யாதது: பயனரின் சாதனத்தில் உள்ள கோப்பை அழிக்காது. பழைய காப்பு நகல்களைத் தொடாது. கழகத்தின் மின்னஞ்சல், வழங்கிக் கணினி ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்றாது. அவற்றை நீங்களே மாற்ற வேண்டும்.

மீட்க முடியுமா: முடியாது. தவறான பெயரை இரத்துச் செய்துவிட்டால், அவருக்குப் புதிய அமைவு உருவாக்கிக் கொடுங்கள். அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

சரிபார்த்தல்: இயலுமானால், உறுப்பினரையே இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்பக்கம் திறக்கக் கூடாது.

முடித்தபின்: புதிய காப்பு நகல் எடுங்கள். தேதி, அமைவுப் பெயர், செய்தவர், உடனிருந்தவர் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

குறைபாடுகள்: கோப்பை மட்டும் கையால் அழித்தால் உரிமை போகாது. அப்படி அழித்துவிட்டிருந்தாலும் கவலை வேண்டாம். சான்றிதழின் பதிவு வழங்கியில் தனியே இருக்கும். முதல் படியிலிருந்து தொடங்கி இரத்துச் செய்யுங்கள்.

இந்தக் கடைசிப் பத்தி எங்கள் செயலாளருக்காக எழுதப்பட்டது. அன்று அவர் கோப்பை அழித்திருந்தபோதும் சான்றிதழின் பதிவு வழங்கியில் இருந்ததால், சில நிமிடங்களில் இரத்துச் செய்ய முடிந்தது.

கையேட்டைச் சோதித்தல்

நிரலைச் சோதிப்பது போலக் கையேட்டையும் சோதிக்க வேண்டும். அதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. 'சோதனை-1' என்ற பெயரில் ஒரு போலிப் பயனரை உருவாக்குங்கள். கணினிப் பழக்கம் குறைவாக உள்ள நண்பர் ஒருவரை அழைத்து, கையேட்டை மட்டும் கையில் கொடுத்து, அந்தப் பயனரை எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் அருகில் அமரலாம். வாய் திறக்கக் கூடாது. அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே உங்கள் வாக்கியம் சரியில்லை என்று பொருள்.

நான் இவ்வாறு சோதித்தபோது, பொருளியல் படிக்கும் நண்பர் ஒருவர் மூன்றாம் படியில் நின்றுவிட்டார். முதல் வரைவில் நான் "உறுதி செய்து தொடரவும்" என்று எழுதியிருந்தேன். எதை உறுதி செய்வது, எப்படித் தொடர்வது என்று அவருக்குத் தெரியவில்லை. "பெயரை வாய்விட்டுப் படியுங்கள்" என்ற வரி அதற்குப் பிறகு வந்ததுதான். "நீக்கப்பட்டது" என்பது போன்ற செயப்பாட்டு வினைகளிலும் இதே குறை உண்டு. எது, எங்கிருந்து, யாரால் என்ற மூன்றும் அதில் மறைந்துவிடுகின்றன. "வழங்கி சான்றிதழை இரத்துச் செய்தது" என்று எழுதும்போது மறைப்பதற்கு இடமில்லை.

சோதனை முடிந்ததும் போலிப் பயனரின் நிலையைப் பட்டியலில் பார்க்கத் தவறாதீர்கள். கையேடு சரியாக இருந்தால், உங்கள் நண்பரே அதைப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

முடிவுரை

கையேடு என்பது நாம் இல்லாத நேரத்தில் நமக்குப் பதிலாகப் பேசுவது. பல்கலைக்கழக வாழ்க்கை மூன்று அல்லது நான்கு ஆண்டுகள்தான். நாம் அமைத்துவைக்கும் கணினியைப் பின்னால் இயக்கப் போகிறவர், நம் முகம் அறியாதவராகவே இருப்பார். அவரிடம் நாம் விட்டுச் செல்வது ஒரு சில பக்கங்கள் மட்டுமே. அப்பக்கங்களில் ஒரு வினைச்சொல் பிசகினால், அதன் விலையை உறுப்பினர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் கொடுக்க நேரலாம்.

தமிழில் தொழில்நுட்பத்தை எழுத முடியுமா என்ற கேள்வி நம் விவாத மேடைகளில் அடிக்கடி எழுகிறது. முடியும் என்று முழங்கிவிட்டு அமர்வதைவிட, ஒரு கட்டளைக்குப் பிறர் தவறின்றிப் பின்பற்றக்கூடிய ஒரு பக்கம் எழுதிக் காட்டுவது மேல். அழித்தல், நீக்குதல், இரத்துச் செய்தல், முடக்குதல் என்று நான்கு வேலைகளுக்கு நான்கு சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைக் கலக்காமல் பயன்படுத்தும் கவனம்தான் தேவை.

இந்த ஆண்டு பொறுப்பை ஒப்படைக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாவிக்கொத்தை மேசையில் வைக்கும் முன், உங்கள் கழகக் கணினியின் பயனர் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். எப்போதோ பட்டம் பெற்றுச் சென்ற ஓர் அண்ணனின் பெயரோ அக்காவின் பெயரோ அங்கே இன்னும் செல்லுபடியாகிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு செய்தி அனுப்புங்கள். பிறகு முறைப்படி இரத்துச் செய்யுங்கள். கடைசியில், உங்கள் பெயரையும்.